பஞ்சம்மாளின் தொப்புள் விவகாரம்

கடமலைக்குண்டு பஞ்சம்மாளுக்குத் தொப்புள் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. இல்லாவிட்டால் அவள் தாய் வயிற்றில் பிறக்கவில்லை, வருசநாட்டு மலையில் கிழங்கு மாதிரி முளைத்தவள் என்று கண்டமனூர் வரைக்கும் பேசித் திரியும் கட்சிக்கு நாமும் ஆள் சேர்த்தது போலாகிவிடும். முப்பத்தாறு வயது வரை எல்லோருக்கும் இருப்பது போல அவளுக்கும் ஒன்று இருந்தது. 1939-ஆம் வருஷம் மாசி மாதத்தில் மதுரையிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியில் அதை எடுத்தார்கள். கூடவே மூத்திரப்பையின் மேல்கூரையையும் எடுத்தார்கள். எடுக்கலாமா கூடாதா என்று ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் இரண்டு குடும்பத்து ஆண்கள் மூன்று நாள் உட்கார்ந்து வாதாடினார்கள். அந்த மூன்று நாளும் வயிற்றுக்குச் சொந்தக்காரியை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் நாற்பது அடி தூரத்தில், உள்ளே கட்டிலில், முழு நினைவோடு இருந்தாள்.

பஞ்சம்மாள் விளக்கெண்ணெய் காய்ச்சி விற்றவள். ஆமணக்கின் கொட்டைமுத்தை வறுத்து, உரலில் இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதந்து வரும் எண்ணெயை அகப்பையால் வழித்து, மறுபடியும் காய்ச்சி, மிச்சமிருக்கும் தண்ணீரை விரட்டவேண்டும். கடைசியில் ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக இழுத்துப் பார்ப்பாள். எண்ணெய் நூல் மாதிரி நீளும். எவ்வளவு நீள்கிறது, எந்த இடத்தில் அறுகிறது என்பதை வைத்து, முத்து எந்தக் காட்டில் விளைந்தது, தண்ணீர் போனதா போகவில்லையா, எல்லாம் சொல்லிவிடுவாள். மற்ற விஷயங்களில் அவள் ஏமாந்ததுண்டு. எண்ணெயில் அவளை ஏமாற்றிய மனிதன் அந்தப் பக்கத்தில் இல்லை.

அந்த நாட்டில் வியாதி என்பது ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் சூடு. கண் எரிந்தால் சூடு, வயிறு வலித்தால் சூடு, புருஷன் கத்தினால் அதுவும் சூடு. வியாதி ஒன்றாக இருந்தாலும் வைத்தியம் இரண்டு. கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு, தொப்புளில் விளக்கெண்ணெய். கடமலைக்குண்டு வட்டாரத்துத் தொப்புள்களில் பாதிக்கு மேல் பஞ்சம்மாளின் எண்ணெயில் ஊறியவை. இந்தக் கணக்கை யாரும் மறுத்ததில்லை.

1937 ஐப்பசியில் அவளுக்கு மூத்திரம் சிவப்பாகப் போயிற்று. வலி இல்லை. ஊர் உடனே கூடி, நாள் முழுக்க அடுப்படியில் நிற்பவளுக்கு வேறென்ன வரும், சூடுதான் என்று தீர்ப்புச் சொன்னது. அவளும் அதை ஒப்புக்கொண்டு தன் எண்ணெயைத் தன் தொப்புளில் விட்டாள். நான்கு நாளில் சிவப்பு நின்றது. எண்ணெய்க்குப் பேர் வந்தது. ஒரு மாதம் கழித்து மறுபடி சிவந்தது. பத்தியம் இருக்கவில்லை என்று பஞ்சம்மாளுக்குப் பேர் கெட்டது. இப்படியே ஒரு வருஷம் போயிற்று. ரத்தம் நின்ற நாளெல்லாம் வைத்தியத்தின் பெருமையாகவும், வந்த நாளெல்லாம் நோயாளியின் குற்றமாகவும் எழுதப்பட்டன. இந்த முறை இன்றைக்கும் பல பெரிய இடங்களில் நடைமுறையில் இருக்கிறது.

ஒரு வருஷ ரத்தம் பஞ்சம்மாளை அசைக்கவில்லை. அடுத்த வீட்டு சுப்புத்தாய் ஒருநாள் கேட்ட கேள்விதான் அசைத்தது.

"ஏன்டி பஞ்சு, ஒன் தொப்புளு எந்நேரமும் நசநசன்னே இருக்கே. ஊத்துன எண்ணெய் உள்ள எறங்கலயா?"

"எறங்காம எங்க போகும்?"

"இல்ல, தண்ணி கலந்த எண்ணெய்னா எறங்காதும்பாக. அதான் கேட்டேன். மனசுல வச்சுக்கிராத."

பஞ்சம்மாள் மனசில் வைத்துக்கொண்டாள். செத்தாலும் பரவாயில்லை, தண்ணீர் கலந்தவள் என்ற பேரோடு சாவதற்கு அவள் தயாராக இல்லை. அன்றைக்கே தொப்புளுக்கு எண்ணெய் விடுவதை நிறுத்தினாள். சீயக்காய் போட்டுக் கழுவித் துடைத்து, புருஷனின் பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்து மடித்து வைத்துக் கட்டினாள். மறுநாள் காலையில் துணி நனைந்திருந்தது. அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் துணியில் இருந்ததை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இழுத்துப் பார்த்தாள். எண்ணெய் இல்லை. வெண்டைக்காய் கழுவிய தண்ணீர் மாதிரி, வெளுத்த வழவழப்பு. எண்ணெய் நிரபராதி என்பது அந்த நிமிஷத்தில் நிரூபணமாயிற்று.

சாதாரண வியாபாரியாக இருந்தால் அதோடு விட்டிருப்பாள். பஞ்சம்மாள், இதே வழவழப்பை வேறெங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தாள். மறுநாள் ஓர் உடைந்த மண்சட்டியில் மூத்திரம் பெய்து, வெயிலில் வைத்துக் காத்திருந்தாள். அதிலும் மிதந்தது. குச்சியால் எடுத்து, முகம் சுளிக்காமல், விரலில் வைத்து இழுத்தாள். இரண்டும் ஒரே அளவு நீண்டு ஒரே இடத்தில் அறுந்தன.

"ரெண்டும் ஒரே சரக்குடி," என்று சுப்புத்தாயைக் கூப்பிட்டுக் காட்டினாள். "அங்கன இருந்து வாரதுதான் இங்கனயும் வருது. உள்ள என்னமோ ஒரு பாதை இருக்கு."

மருத்துவ உலகில் இதற்கு நோய்நிர்ணயம் என்று பெயர். கடமலைக்குண்டில் அசிங்கம் என்று பெயர். சுப்புத்தாய் ஒரு வாரம் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை.

தேனிக்கு வண்டி கட்டும் நாளில் எண்ணெய்த் தகரங்களுக்கு நடுவில் பஞ்சம்மாளும் ஏறினாள். கடைத்தெருவில் ஒரு டாக்டர் இருந்தார். அவரிடம் ஏற்கெனவே இரண்டு முறை வந்து, வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தில் கோடு வெட்டி ஒட்டிய மிக்சர் பாட்டில் இரண்டு குடித்து முடித்திருந்தாள். இந்த முறை அந்தப் பாட்டில்களைக் கழுவி, ஒன்றில் மேலே வந்ததும் இன்னொன்றில் கீழே வந்ததுமாகக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள்.

"கல்லுன்னு சொன்னேன்ல. தண்ணி நெறையக் குடி," என்றார் டாக்டர்.

"தொப்புள்லயும் வருதுங்க."

"தொப்புளுக்கும் மூத்திரத்துக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. நீ படிச்சிருக்கியா?"

"இல்லீங்க. நீங்க ஒருக்கா தொட்டுப் பாருங்க. ரெண்டும் ஒரே சரக்கு."

டாக்டர் தன் இஸ்திரி போட்ட கைமடிப்பைப் பார்த்தார். "மொதல்ல இதை எடுத்துட்டுப் போ."

"தொட்டுப் பாக்காம நான் எண்ணெய்க்கே நல்லது கெட்டது சொல்ல மாட்டேன். நீங்க எப்புடி வியாதிக்குச் சொல்லுறீக?"

வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் உடனே மதுரைக்கு ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்தார். நோயாளியை மேல்சிகிச்சைக்கு அனுப்பப் புத்தகங்களில் பல காரணங்கள் சொல்லியிருக்கிறார்கள். அவளை மேசைக்கு முன்னாலிருந்து எழுப்புவது என்ற காரணம் அவற்றில் இல்லை. ஆனாலும் தேனியில் எழுதப்பட்ட கடிதங்களிலேயே அதிகம் பயன்பட்டது அதுதான்.

புருஷன் சின்னக்கருப்பு துணைக்கு வர, போடி ரயிலில் மதுரைக்குப் போனாள். சின்னக்கருப்பு நல்ல மனிதன். தீர்மானம் எடுக்கவேண்டிய இடத்தில் மட்டும் அவனுக்குத் தாகம் எடுத்து எங்காவது தண்ணீர் குடிக்கப் போய்விடுவான்.

மதுரைச் சர்ஜன் ஒல்லியான ஆள். பேச்சு குறைவு. பஞ்சம்மாள் பாட்டில்களை வைத்து, ரெண்டும் ஒரே சரக்கு என்று சொன்னதும், அவர் மூடியைத் திறந்து, ரப்பர் உறை மாட்டிய விரலில் ஒரு சொட்டை எடுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு மற்றதை. பஞ்சம்மாள் அந்த நிமிஷமே அவரை நம்பிவிட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுன்னு யார் சொன்னது?"

"கை சொல்லுச்சுங்க."

அவர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். பிள்ளை கர்ப்பத்தில் இருக்கும்போது மூத்திரப்பையிலிருந்து தொப்புளுக்கு ஒரு குழாய் போகும். பிறப்பதற்குள் அது வற்றிக் கயிறு மாதிரி ஆகிவிடும். சிலருக்கு வற்றாமல் நிற்கும். அதில் வியாதி முளைப்பது எங்கோ ஆயிரத்தில் லட்சத்தில் ஒருவருக்கு.

"தூந்துபோக வேண்டிய வாய்க்கா தூரலங்கிறீக," என்றாள் பஞ்சம்மாள். பெரியாற்றுத் தண்ணீர் பாயும் சீமைக்குப் பக்கத்தில் பிறந்தவளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

நுனியில் குன்றிமணி அளவு விளக்கு எரியும் ஒரு குழாயைக் கீழ்வழியாக உள்ளே விட்டுப் பார்த்தார். மூத்திரப்பையின் கூரையில், சரியாக அந்தக் கயிறு வந்து சேரும் இடத்தில், கோழிக்கொண்டை மாதிரி ஒன்று தொங்கியது. அதில் ஒரு கிள்ளு எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். இருபது நாள் கழித்துப் பதில் வந்தது. புற்று. அதுவும் அவர் அதுவரை புத்தகத்தில் மட்டும் படித்திருந்த ரகம். தன் சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருக்க அந்த மனிதர் பட்ட பாடு பெரிது. பஞ்சம்மாளுக்கே இரக்கமாக இருந்தது.

"கூரை, கயிறு, தொப்புள், மூணையும் துண்டுபோடாம ஒண்ணா எடுக்கணும்மா. பாதியை விட்டா எடுக்காததுக்குச் சமம். எடுத்தாப் பிழைக்கலாம். உறுதி சொல்ல முடியாது. எடுக்கலேன்னா ஒரு வருஷம். அதை உறுதியாச் சொல்லலாம்."

"எடுங்க," என்றாள் பஞ்சம்மாள்.

விவகாரம் இங்கேதான் ஆரம்பம். ஆஸ்பத்திரிக் குமாஸ்தா ஒரு சம்மதப் பாரத்தை நீட்டி, புருஷன் ரேகை வேண்டும் என்றார். சின்னக்கருப்புக்குத் தாகம் எடுத்தது. திரும்பி வந்ததும், தொப்புள் சம்பந்தப்பட்டிருப்பதால் பிறந்த வீட்டையும் ஒரு வார்த்தை கேட்பதுதான் மரியாதை என்றான். ஆள் போயிற்று. வருசநாட்டிலிருந்து பஞ்சம்மாளின் அண்ணன் ராக்கையா வந்தான். கூடவே நியாயம் பேச ஒச்சாண்டி என்ற பெரியவரையும் கூட்டிவந்தான். அவருக்கு மதுரையைப் பார்க்க வெகுநாளாக ஆசை.

வேப்பமரத்தடியில் ராக்கையா எடுத்த எடுப்பிலேயே சட்டத்தைச் சொல்லிவிட்டான்.

"மாப்ளே, மூத்திரப்பை ஒங்க வீட்டு விவகாரம். அதுல நான் தலையிடல. தொப்புளு எங்க வீட்டுது. எங்க ஆத்தா அறுத்த கொடி, எங்க கொல்லையிலதான் பொதைச்சிருக்கு. அதுல கத்தி வைக்க நீங்க ரேக வைக்க முடியாது."

"அப்ப நீங்களே வச்சிருங்க மச்சான்."

"நான் வச்சு, அவளுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா? கூடப்பொறந்தவள அறுக்கச் சொன்னவேன்னு பேச மாட்டாகளா?"

"என்னைய மட்டும் பேச மாட்டாகளாக்கும்."

முதல் நாள் இதோடு முடிந்தது. இரண்டாம் நாள் ஒச்சாண்டி ஒரு சமரசம் கண்டுபிடித்தார். பையைப் புருஷன் வீட்டுச் சம்மதத்தில் வெட்டிவிடலாம், தொப்புளை இப்போதைக்கு விட்டுவைத்து ஆடி கழித்துப் பார்க்கலாம். சர்ஜன் வந்து, அப்படிச் செய்தால் அடுத்த மாசிக்கு அவள் இருக்கமாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒச்சாண்டி சளைக்கவில்லை. சரி, எடுத்த தொப்புளைக் கையில் கொடுத்தால் கொடியைப் புதைத்த இடத்திலேயே புதைத்துவிடலாம், பிறந்த வீட்டுக்கும் குறை இருக்காது என்றார். நர்ஸ் ஒருத்தி, அதைக் கண்ணாடிச் சாடியில் போட்டுச் சென்னைக்கு அனுப்பவேண்டும் என்று உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"எங்க வீட்டுத் தொப்புளு பட்டணம் போறதா?" என்று ராக்கையா எழுந்து நின்றுவிட்டான். "நானே இன்னும் பட்டணத்தப் பாத்ததில்ல."

மூன்றாம் நாள், அந்த மாதிரி சாடிகளை வரிசையாக அடுக்கி நாலு பேர் பார்க்க வைப்பார்களாமே, அது குடும்பத்துக்குக் கௌரவமா அவமானமா என்பதில் வாதம் நின்றது. அதற்குள் பஞ்சம்மாளுக்கு மறுபடி ரத்தம் போக ஆரம்பித்திருந்தது. வார்டு பெருக்க வந்த பஞ்சவர்ணம் மரத்தடிச் செய்தியைச் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். சாடி விஷயம் வந்ததும் கட்டிலைவிட்டு இறங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து குமாஸ்தா முன்னால் போய் நின்றாள்.

"அந்தத் தாளக் குடுங்க. நான் ரேக வைக்கிறேன்."

"புருஷன்தான் வைக்கணும்மா. அதுதான் ரூல்."

"வயிறு யாருது?"

"உன்னுதுதான்."

"போற ரத்தம்?"

குமாஸ்தா பேனாவை மூடினார். "அதுவும்தான். ஆனா நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா பதில் சொல்ல ஆள் வேணுமில்ல."

"ஆச்சுன்னா நான்தான சாகப்போறேன். அங்கன மரத்தடியில இருக்கிறவுக மூணு பேருல ஒருத்தர் எனக்குப் பதிலாச் சாக வாராகன்னா கூப்புடுங்க, அவுக ரேகைய வாங்கிக்கிருங்க. இல்லைன்னா மையக் கொண்டாங்க."

குமாஸ்தா சர்ஜனைத் தேடிப் போனார். சர்ஜன் வந்து பாரத்தைப் படித்தார். கேட்கிற நிலையிலும் சொல்கிற நிலையிலும் இருப்பவள் தானே ரேகை வைத்தால் நான் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி, சாட்சிக்குத் தானும் ஒரு கையெழுத்துப் போட்டார். பஞ்சம்மாள் கட்டைவிரலை அழுத்தி வைத்தாள். மை காயாத விரலோடு நேரே வேப்பமரத்தடிக்குப் போனாள். மூவரும் எழுந்து நின்றார்கள். ஏன் எழுந்தோம் என்று பிற்பாடு அவர்களுக்கே விளங்கவில்லை.

"அண்ணே, ஆத்தா அறுத்தது கொடிய. அது ஒங்க கொல்லையில பத்திரமா இருக்கு. நீயே வச்சுக்க, நான் பங்கு கேக்கல. இது என் வயித்துல இருக்கிறது. நான் குடுத்துட்டேன்."

"பஞ்சம்மா, பெரியவுகளோட பேசி ஒரு முடிவுக்கு..."

"மூணு நாளாப் பேசுனீகள்ல. நான் சாகுறதுக்குள்ள முடியுமா, கருமாதிக்குள்ள முடியுமா?"

சின்னக்கருப்பு தண்ணீர்க் குழாய் இருந்த பக்கம் பார்த்தான். பஞ்சம்மாள் அவன் பக்கம் திரும்பினாள். குரல் கொஞ்சம் இறங்கியது.

"இந்தாருங்க. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். வாசல்லயே இருங்க, போதும். நான் வெளிய வாரப்ப எங்கயாச்சும் தண்ணி குடிக்கப் போயிராதீக."

அவன் போகவில்லை. மறுநாள் இரண்டரை மணி நேரம், ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வாசலிலேயே நின்றான். அவன் வாழ்க்கையில் எடுத்த தீர்மானங்களில் இது ஒன்றைத்தான் எழுதிவைக்கவேண்டும்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழேயும் வயிறும் மரத்துப்போகச் செய்திருந்தார்கள். முகத்துக்கு முன்னால் ஒரு துணி. துணிக்கு இந்தப் பக்கம் பஞ்சம்மாள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இப்ப எங்கன இருக்கீக?" என்று கேட்டாள்.

"கயித்துல," என்றார் சர்ஜன் துணிக்கு அந்தப் பக்கமிருந்து.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். "இப்ப?"

"கூரையைப் பிரிச்சாச்சு. பேசாம இரும்மா."

"பேசலேன்னா செத்துட்டேன்னு நெனச்சிருவீகள்ல, அதுக்காகத்தான்."

மூன்றும் ஒன்றாக, அறுபடாமல் வெளியே வந்தன. மீதிப் பையைத் தைத்தார்கள். பதினைந்து நாள் வயிற்றில் ஒரு ரப்பர்க் குழாய் இருந்தது. குறுகிப்போன பை நாழிகைக்கொரு தரம் அவளை எழுப்பியது. போகப் போக விரிந்துகொடுக்கும் என்று சர்ஜன் சொன்னார். கொடுத்தது.

கடமலைக்குண்டுக்குத் திரும்பியதும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. தாயையும் பிள்ளையையும் சேர்க்கும் அடையாளமே இல்லாதவள் யாருடைய மகள் என்று அம்மனுக்கு எப்படித் தெரியும், ஆகையால் சித்திரைப் பொங்கலுக்கு அவள் பானை வைக்கக் கூடாது என்று ஒச்சாண்டி வருசநாட்டிலிருந்தே தீர்ப்புச் சொல்லி அனுப்பினார். பஞ்சம்மாள் விடிந்ததும் விடியாததுமாகப் போய் முதல் அடுப்பே தன்னுடையதாகப் போட்டாள். கேட்டவர்களிடம், "அம்மனுக்குத் தெரியலேன்னா என்னையக் கேக்கட்டும், சொல்லுறேன். ஒச்சாண்டி மாமாகிட்ட ஏன் கேக்குது?" என்றாள். பானை பொங்கிற்று. மறுத்துப் பேச வந்தவர்கள் பொங்கலை வாங்கிக்கொண்டு போனார்கள்.

புற்று திரும்பி வரக்கூடிய சாதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுப் பார்க்கவேண்டும் என்பது சர்ஜனின் உத்தரவு. ஆவணியிலும் மாசியிலும் பஞ்சம்மாள் போய்வந்தாள். ஒவ்வொரு முறையும் போவதற்கு முந்தின நாள் அவள் யாரோடும் பேசுவதில்லை. அது பயம்தான். பயத்தோடு போவது அவளுக்கு ஒரு குறைச்சலாகத் தெரியவில்லை. பிறகு யுத்தம் முற்றியது. 1942-ல் போடி ரயில் நின்றது. யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சர்க்காருக்கு அவள் வயிற்றைவிட முக்கியமான காரியங்கள் இருந்தன. அந்த ஆவணியில் அவளால் போகமுடியவில்லை.

அடுத்த மாசியில், தேனியிலிருந்து பஞ்சு மூட்டை ஏற்றிப் போன லாரியில், மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து மதுரை போய்ச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் குமாஸ்தா புதிய ஆள். ரிஜிஸ்தரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, கடைசியில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"கடமலைக்குண்டு பஞ்சம்மாளா? அவுக காலமாயிட்டதா எழுதியிருக்கே."

"யாரு எழுதுனது?"

"ஆவணியில வரல. இந்த வியாதிக்காரங்க வரலேன்னா அப்படித்தான் எழுதறது வழக்கம்."

"இப்ப வந்திருக்கேன்ல. அடிச்சுட்டு எழுதுங்க."

"செத்தவங்களை அடிச்சு எழுத இதுல இடமில்லம்மா. புதுசா சீட்டு வேணும்னாப் போட்டுத் தாரேன், புதுப் பேஷண்டுன்னு."

"புதுசா ஏன் போடணும்? வெட்டுப்பட்டது நானு. நாலு வருசமா வந்து போனது நானு. அத்தனையும் செத்தவ கணக்குலயா போகும்?"

அவள் மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் வரிசை நீண்டது. காதுவலிக்காரர் ஒருவர், அந்தம்மா உயிரோடு இருக்கிறதை ஒத்துக்கொண்டு தொலையுமய்யா, எனக்கு நேரமாகிறது என்றார். சத்தம் கேட்டுச் சர்ஜன் வெளியே வந்தார். தலை நரைத்திருந்தது. அவளைப் பார்த்தார், ரிஜிஸ்தரைப் பார்த்தார். உள்ளே அழைத்துப்போய்க் குழாயை விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பஞ்சம்மாள் மேலே சுழலும் காற்றாடியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"சுத்தமா இருக்கும்மா," என்றார்.

அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சர்ஜன் கை கழுவும் சாக்கில் கொஞ்ச நேரம் திரும்பாமல் நின்றார். பிறகு அவரே வெளியே வந்து பேனாவை வாங்கி, அந்த வரியை அழுத்தி அடித்து, பக்கத்தில் உயிரோடு இருக்கிறார் என்று எழுதித் தேதி போட்டார். பஞ்சம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. குமாஸ்தாவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, இரண்டு தரம் கேட்டாள்.

"ஆவணியில வருவேன்," என்றாள். "வரலேன்னா லாரி கெடைக்கலேன்னு எழுதுங்க. வேற எதையும் நீங்களா எழுதக் கூடாது."